தூண்டிலும் துடுப்பும்: வாசகர் கேள்வி பதில்

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் பிறந்தவன் நான். மீன்வளத் துறையில் களப்பணியாளராக 31 வருடம் ஓடியது. அதில் நான்கு குளிர்காலம் நீலகிரியில் அவலாஞ்சியில், ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீனை வளர்க்கிற பண்ணையில் கழிந்தது. இப்போது திருவொற்றியூரில் இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாளாவது, எண்ணூரில் கடலில் சேருகிற கொசஸ்தலை ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவேன். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் வழக்கமாக இரை, முள், எந்த மாதம் எந்த மீன் என்றுதான் இருக்கும். இந்த முறை பாதிக்கு மேல், கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகைப் பற்றி. தூண்டில்காரர்கள் கோபமாக எழுதியிருக்கிறார்கள், கயாக் வைத்திருப்பவர்கள் வருத்தமாக எழுதியிருக்கிறார்கள். அதனால் இரை, முள் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கேள்வி: நான் வியாசர்பாடிக்காரன். வேலைக்காக ஸ்காட்லாந்தில் பெர்த் நகரத்தில் இருக்கிறேன். சின்ன வயதில் எண்ணூரில் மடவை பிடித்த பழக்கம் விடவில்லை. இங்கே டே ஆற்றில் பர்மிட் வாங்கி ட்ரவுட் பிடிக்கப் போகிறேன். போன மே மாதம் ஒரு சனிக்கிழமை இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். மீன் மேலே வந்து பூச்சி தின்கிற நல்ல நேரம். ஆறு கயாக்குகள் கூட்டமாக வந்து என் தூண்டில் நரம்புக்கு மேலேயே போய்விட்டன. கத்தினேன். "இந்த ஆற்றில் போக எங்களுக்கு உரிமை இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காசு கட்டியவன் நான். நியாயம் யார் பக்கம்?
— கதிர், பெர்த்

பதில்: தம்பி கதிர், உங்களுக்குப் பிடிக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரி. ஸ்காட்லாந்தில் 2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், மோட்டார் இல்லாத படகில் ஆற்றிலும் ஏரியிலும் போய்வர எல்லோருக்கும் உரிமை கொடுத்திருக்கிறது. மீன் பிடிப்பது அந்த உரிமைக்குள் வராது. அதனால்தான் உங்களிடம் பர்மிட்டுக்குக் காசு வாங்குகிறார்கள். நீங்கள் வாங்கியது மீன் பிடிக்கும் அனுமதி. ஆற்றின் மேற்பரப்பை யாரும் உங்களுக்கு விற்கவில்லை. ஆனால் அதே சட்டம், அந்த உரிமையைப் பொறுப்போடு பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஒருவருடைய நரம்பின் மேல் ஆறு படகை ஓட்டுவது பொறுப்பில் சேராது. ஆற்றில் வந்தது சரி, வந்த விதம் தப்பு.

எல்லை தாண்டி இங்கிலாந்துக்கோ வேல்ஸுக்கோ போனால் கதை வேறு. அங்கே பெரும்பாலான ஆறுகளில் படகுக்கு உரிமை உண்டா இல்லையா என்பதே பல வருடத் தகராறு. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் 1985-இல் ஒரு சட்டம் போட்டு, ஆற்றின் வழக்கமான உயர் நீர்மட்டக் கோட்டுக்குள் தூண்டில்காரர், படகுக்காரர் இருவருமே இறங்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். சரி, சட்டம் எப்படி இருந்தாலும் உங்களுக்கு நடந்த அந்த இரண்டு நிமிடச் சண்டை அதனால் தீராது. அதற்கு ஆற்றைப் பார்க்க வேண்டும்.

ஓடுகிற ஆற்றில் ஒரு பாறையோ வளைவோ இருந்தால், அதற்குப் பின்னால் தண்ணீர் வேகம் குறைந்து ஒதுங்கி நிற்கும். வேகமான ஓட்டமும் இந்த ஒதுக்குத் தண்ணீரும் சேருகிற இடத்தில் ஒரு கோடு தெரியும். நுரையும் சருகும் அந்தக் கோட்டில்தான் வரிசையாக வரும். ட்ரவுட் அங்கேதான் நிற்கும். மெதுவான பக்கத்தில் நின்றால் நீந்துகிற உழைப்பு குறைவு, வேகமான பக்கத்தில் இரை தானாக வந்துகொண்டே இருக்கும், தலையைத் திருப்பி எடுத்துக்கொண்டால் போதும். நீங்கள் தூண்டில் போட்டது அந்தக் கோட்டில்தான், இல்லையா? கயாக்காரர் ஓட்டத்தில் இறங்கி மூச்சு வாங்கி, பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருப்பதும் அதே ஒதுக்கில்தான். அவ்வளவு பெரிய ஆற்றில் இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே பத்தடி இடம். பல சண்டைகளுக்கு இதுதான் காரணம். இது தெரியாததால் ஒருவரை ஒருவர் திமிர் பிடித்தவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது மீன். கயாக் ஒன்று போய்விட்டால் அன்றைய நாளே கெட்டுவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவலாஞ்சியில் தொட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் நிழல் விழ நடந்தால் மீன் மொத்தமும் மூலைக்கு ஓடும். அசையாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று வரும், அப்புறம் இரண்டு, அப்புறம் எல்லாம் தண்ணீர் விழுகிற பக்கம் முகத்தைத் திருப்பிப் பழைய இடத்தில் நின்றுவிடும். ஆனால் ஒரு நாள் புது ஆள் ஒருவர் வலைக்கம்பைத் தொட்டியின் சுவரில் தட்டிவிட்டார். அன்று சாயங்காலம் வரை தீனியைத் தொடவில்லை. மீனின் உடலில் பக்கவாட்டில் ஓடுகிற கோடு, தண்ணீரில் வருகிற அதிர்வை வாங்கிக்கொள்ளும். ஆழமான நடு ஓட்டத்தில் துடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு மிதந்து போகிற கயாக்கை ட்ரவுட் சீக்கிரம் மறந்துவிடும். துடுப்பு பாறையில் மோதினால், அடிப்பகுதி கூழாங்கல்லில் உரசினால் மறக்க நேரமாகும். உங்களுக்கு வந்த ஆறு பேரும் தனித்தனியாக, இடைவெளி விட்டு, சிரித்துப் பேசிக்கொண்டே வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆறு தடவை பயந்த மீன் எங்கே திரும்பும்?

ஆகவே கயாக்காரர் செய்ய வேண்டியது இது. தண்ணீரில் நிற்கிற ஆளைத் தூரத்தில் பார்த்ததுமே ஒதுக்கில் ஏறி நின்று, கூட்டத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சத்தம் கொடுத்து, அவர் திரும்பிப் பார்க்கிற வரை காத்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் போகட்டும் என்று கேட்க வேண்டும். அவர் கை காட்டிய பக்கம், ஒருவர் பின் ஒருவராக, துடுப்பை அடிக்காமல் ஒரே மூச்சில் கடந்துவிட வேண்டும். பெரும்பாலும் அந்தப் பக்கம் அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். ஆழம் போதாவிட்டால் அவர் நரம்பைச் சுற்றி எடுக்கிற வரை நிற்பதில் என்ன குறைந்துவிடும்?

உங்களுக்கும் வேலை இருக்கிறது, கதிர். அவர்கள் கேட்டால் பதில் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற தூண்டில்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அது எனக்குப் பிடிப்பதில்லை. கையைத் தெளிவாகக் காட்டுங்கள், அவர்கள் கடக்கும் வரை வீசாதீர்கள். இன்னொன்று, வேகமாக இறங்கும் தண்ணீருக்கு நேர் கீழே நிற்பதைத் தவிருங்கள். சரிவில் இறங்கிவிட்ட கயாக்கை யாராலும் நிறுத்த முடியாது. அங்கே நின்றுகொண்டு நிறுத்தவில்லையே என்று கோபப்படுவதில் நியாயம் இல்லை.

குளிர்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே பழுப்பு ட்ரவுட்டுக்கு மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரைதான் அனுமதி. அதற்குப் பிறகு மீன் முட்டையிடும். பெட்டை வாலால் கூழாங்கல்லைத் தோண்டிக் குழியாக்கி, முட்டையிட்டு, மேலே கல்லைத் தள்ளி மூடிவிடும். வசந்தம் வரை முட்டையும் குஞ்சும் அந்தக் கல்லுக்குள்தான் இருக்கும். பண்ணையில் நாங்கள் முட்டையையும் ஆண் மீனின் விந்துப் பாலையும் ஒரு தட்டில் கோழி இறகால் கலப்போம். முட்டை சின்ன மிளகளவு, ஆரஞ்சு நிறம், உள்ளே விளக்கு வைத்த மாதிரி இருக்கும். அதற்குள் இரண்டு கருப்புப் புள்ளியாகக் கண் தெரிகிற வரை தட்டை ஆட்டவே கூடாது. அதற்கு முன்னால் லேசாக இடித்தால்கூட மறுநாள் காலை முட்டை வெள்ளையாகிக் கிடக்கும். பாதித் தட்டு வெள்ளையாகி நான் பார்த்திருக்கிறேன், அன்று சாப்பாடு இறங்கவில்லை. பண்ணையிலேயே இப்படி என்றால், நவம்பரில் முழங்கால் அளவு கூழாங்கல் தண்ணீரில் கயாக்கை இழுத்துக்கொண்டு நடந்தால் கீழே என்ன ஆகும்? தூண்டில்காரர் பூட்ஸ் போட்டு மிதித்தாலும் அதேதான். அந்த மாதங்களில் ஆழமான இடத்தில் ஏறி, ஆழமான இடத்தில் இறங்கச் சொல்லுங்கள். சண்டை போடுவதைவிட இந்தப் பேச்சை எடுத்தால் அவர்கள் காது கொடுப்பார்கள் என்று நம்புகிறேன். கயாக் ஓட்டுகிறவர்களும் ஆற்றின் மேல் பிரியம் உள்ளவர்கள்தானே.

கேள்வி: நானும் என் தோழிகள் இருவரும் காற்றடிக்கிற கயாக் வாங்கியிருக்கிறோம். முட்டுக்காடு வரை போக முடியவில்லை, எண்ணூரில்தான் இறக்கினோம். பறவைகள், அலையாத்திச் செடிகள் எல்லாம் அழகாக இருந்தன. ஆனால் கரையில் இருந்த பெரியவர் ஒருவர் கடுமையாகத் திட்டினார். நாங்கள் மோட்டார் போடவில்லை, குப்பை போடவில்லை, யாரையும் தொந்தரவு செய்யவில்லை. ஆற்றில் எங்களுக்கு இடம் இல்லையா?
— நித்யா, கொருக்குப்பேட்டை

பதில்: இருக்கிறதம்மா. நிச்சயமாக இருக்கிறது. வடசென்னைப் பெண் பிள்ளைகள் மூன்று பேர் கொசஸ்தலையில் துடுப்புப் போடுகிறார்கள் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாம்பலும் சுடுதண்ணீரும் வந்து விழுகிற ஆறு என்றுதான் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததும் அதுவே செய்தியானது. இந்த ஆற்றை அழகு என்று சொல்லி வந்த கடிதம் உங்களுடையது ஒன்றுதான்.

ஆனால் "யாரையும் தொந்தரவு செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் உங்களால் தெரிந்துகொண்டிருக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

போன பொங்கல் முடிந்த வாரம், காலை ஏழு மணி. தண்ணீர் வத்தம், அதாவது கடல் உள்வாங்கி ஆற்றில் தண்ணீர் இறங்கியிருக்கிற நேரம். காட்டுக்குப்பம் பக்கம் நான் மடவைக்குத் தூண்டில் போட்டிருந்தேன். எனக்குக் கொஞ்ச தூரத்தில் இருளர் குடும்பத்துப் பெண்கள் ஐந்து பேர் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். பார்த்திருப்பீர்களோ தெரியாது. மார்பளவு தண்ணீரில் மண்டி போட்டு, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டு, விரலால் தடவித் தடவி நகர்வார்கள். இறால் விரலில் பட்டதும் பிடித்து, தலைக்கு முன்னால் மிதக்கிற பறிக்குள் போடுவார்கள். ஓலையில் பின்னின கூடை அது. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்போது இரண்டு கயாக் வந்தது. நல்ல பிள்ளைகள், சத்தமே போடவில்லை. கொக்குக் கூட்டம் ஒன்று உட்கார்ந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நேராகப் பெண்கள் நின்ற வரிசைக்குள் வந்துவிட்டார்கள். ஓரத்தில் இருந்த பெண் ஒரு கையைச் சேற்றோடு தூக்கி ஆட்டினாள். முன்னால் இருந்த பையன் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கை ஆட்டினான். துடுப்பு அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி இறங்கியது. அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை, வாயைத் திறந்து கத்தினாள். பல்லில் இருந்த கயிறு விட்டுப்போய், கயாக் கிளப்பின அலையில் பறி சாய்ந்தது. விடியலில் இருந்து தடவிய இறால் அரைக் கிலோ இருக்கும், உயிரோடு இருந்தது எல்லாம் போய்விட்டது. அவள் பறியைத் தேடி எடுத்து, தண்ணீரை வடித்து, கயிற்றைத் திரும்பவும் பல்லில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அந்தப் பையன்கள் திரும்பிப் பார்க்கவில்லை. தெரிந்தே செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டில் போய், ஆற்றில் ஒரு அம்மா எங்களுக்குக் கை காட்டினார்கள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

அம்மா, நிற்கிறவர் வாயில் பறி இருக்கிறது. அதனால் கடந்து போகிறவர்தான் குரல் கொடுக்க வேண்டும். கதிருக்கு நான் எழுதியதும் இதுதான், இங்கே இன்னும் கட்டாயம். டே ஆற்றில் கெட்டுப்போவது ஒரு சனிக்கிழமைப் பொழுது. இங்கே அணைந்துபோவது அன்றைய அடுப்பு.

வலையும் அப்படித்தான். வேலையில் இருந்த காலத்தில் ஒரு அலுவலகப் படகில் தண்ணீர் மாதிரி எடுக்கப் போனோம். படகு ஓட்டியவர் அவசரத்தில் ஒரு இறால் வலையின் மேல் ஏற்றிவிட்டார். வலைக்காரர் என் அப்பாவோடு கடலுக்குப் போனவர். என்னைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. அறுந்த இடத்தைக் கையில் பிடித்துக் காட்டிவிட்டு அப்படியே நின்றார். நஷ்டத்தை யாரும் கொடுக்கவில்லை. அது நடந்து இருபது வருடம் இருக்கும், அந்தக் கை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, எப்படிப் போவது? ஆழம் குறைந்த ஓரம்தான் பத்திரம் என்று புதிதாகக் கயாக் ஓட்டுகிறவர்கள் நினைக்கிறார்கள். அந்த ஓரம்தான் இறால் தடவுகிற இடம். அதனால் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தடவுகிறவர்கள் வத்தத்தில்தான் இறங்குவார்கள். நீங்கள் ஏத்தத்தில் போங்கள். தண்ணீர் ஏறி நிரம்பி, திரும்புவதற்கு முன் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். துடுப்புக்கு அதைவிடச் சுகமான நேரம் இல்லை, சேறும் காலில் ஒட்டாது. அலையாத்திப் பக்கம் உங்களால் நெருங்கிப் போக முடிவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் என்னைப் போலக் கொடுவாவுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் கரையில் இருப்பார்கள். எங்களுக்குக் குரல் கொடுத்தால் நரம்பைச் சுற்றிக்கொள்வோம், எங்கள் வாயில் பறி கிடையாது.

கயாக்கை இறக்குவதற்கு முன் குப்பத்தில் படகு கட்டியிருக்கிற இடத்துக்குப் போய், "அண்ணே, இன்னைக்கு வலை எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு ஆற்றில் நிறைய மரியாதை உண்டு. வலை இருக்கிற இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள், முகத்துவாரத்தில் இன்று இழுப்பு எப்படி, எங்கே மணல் மேடு போட்டிருக்கிறது, எல்லாம் சொல்லுவார்கள். தண்ணீரில் வரிசையாகக் காலி பாட்டிலோ தெர்மாகோல் துண்டோ மிதந்தால் குப்பை என்று நினைக்காதீர்கள், கீழே வலை தொங்குகிறது. குறுக்கே போகாமல் சுற்றிப் போங்கள். ஃபைபர் படகு ஓடுகிற ஆழமான வாய்க்காலில் நின்று படம் எடுக்காதீர்கள், வளைவில் வருகிற படகுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

உயிர்காப்புச் சட்டை இல்லாமல் இறங்கவே இறங்காதீர்கள், நீச்சல் தெரிந்தாலும். முகத்துவாரத்தை நெருங்க வேண்டாம். வத்தத்தில் ஆறு கடலுக்கு இழுக்கிற இழுப்பைக் காற்றடித்த கயாக் தாங்காது. துறைமுகங்களின் பக்கமும் போகக் கூடாது. மழைக்காலத்தில் பூண்டி ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் அந்த வாரம் கயாக்கை மடித்து வைத்துவிடுங்கள், அந்தத் தண்ணீர் கொசஸ்தலை வழியாகத்தான் வரும். வல்லூர் அணைக்கட்டு மாதிரித் தடுப்புகளின் மேல் தண்ணீர் வழியும்போது மேலிருந்து பார்த்தால் சின்னச் சறுக்கல் மாதிரி இருக்கும். கீழே தண்ணீர் பின்பக்கமாகச் சுருண்டு, விழுந்தவரை வெளியே விடாது. கரை ஏறினதும் நல்ல தண்ணீரில் கை கால் கழுவிவிடுங்கள், காயம் இருந்தால் அன்றைக்கு இறங்காதீர்கள்.

திட்டின பெரியவர் யார் என்று தெரியவில்லை. அடுத்த முறை முதலில் அவரிடமே போய் வலை எங்கே என்று கேளுங்கள்.

கேள்வி: மாதவரத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பெரிய தொட்டி இருக்கிறது. ஏர் பம்ப் போட்டு ட்ரவுட் வளர்க்கலாமா?
— சேகர், மாதவரம்

பதில்: வேண்டாம் சேகர். ட்ரவுட்டுக்கு 20 டிகிரிக்கு மேல் போனாலே திணறல், 25 டிகிரி தாண்டினால் பிழைப்பது கஷ்டம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கிற ஆக்சிஜன் குறையும், அதே சமயம் சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் அதிகமாகத் தேவைப்படும். மே மாதத்து மாதவரத்தில் பம்ப் மட்டும் வைத்து இதைச் சமாளிக்க முடியாது. வெள்ளைக்காரர்கள்கூட நீலகிரி உச்சியில்தான் இந்த மீனுக்கு இடம் தேடினார்கள். அவலாஞ்சிப் பண்ணையை வில்சன் என்பவர் 1907-இல் அமைத்தார். உங்கள் தொட்டிக்கு விரால் அருமையான மீன். வேண்டுமானால் தனியாக எழுதுங்கள், விவரமாகச் சொல்கிறேன்.

கேள்வி: தூண்டில்காரர்களுக்குக் காலை, கயாக்காரர்களுக்கு மாலை என்று ஆற்றில் நேரம் பிரித்துவிட்டால் என்ன? இதையெல்லாம் யார் முடிவு செய்வது?
— அந்தோணி, காசிமேடு

பதில்: அண்ணே, காசிமேட்டுக்காரர் நீங்களே இதைக் கேட்பதால் பாடு பற்றிச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் இறால் வலை போடுகிற நல்ல இடங்களுக்குப் பாடு என்று பெயர். எல்லோருக்கும் வேண்டியது அந்தச் சில இடங்கள்தான், ஒரே நாளில் எல்லோரும் வலை போட முடியாது. அதனால் சீட்டுப் போட்டு முறை வைத்தார்கள். இன்று இந்தக் குழு, அடுத்த நாள் அந்தக் குழு. நல்ல இடம் கிடைத்தவருக்கு மறுமுறை சாதாரண இடம் வரும். தலைக்கட்டு, அதாவது குடும்பக் கணக்குப்படி பங்கு. வெளியிலிருந்து அதிகாரி யாரும் வந்து போட்ட விதி இல்லை, தண்ணீரில் நிற்கிறவர்களே உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டது.

ஆனால் இந்தப் பாடு முறையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சீட்டுக்குள் பெயர் இருக்கிறவருக்குத்தான் முறை. கையால் தடவிப் பிழைக்கிற இருளர் குடும்பங்களுக்கு அந்தச் சீட்டில் இடம் கிடையாது. நாளைக்கு எண்ணூரில் தூண்டில்காரரும் கயாக்காரரும் உட்கார்ந்து நேரம் பிரித்தால் இதே தவறு நடக்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பொழுதுபோக்குக்கு வருகிற இரண்டு கூட்டம் ஆற்றைப் பங்கு போட்டுக்கொண்டு, அதில் பிழைக்கிறவர்களுக்கு மிச்ச நேரத்தைக் கொடுப்பதா? பேச உட்கார்ந்தால் முதலில் அந்தப் பெண்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு எந்த நேரம், எந்த இடம் என்று கேட்க வேண்டும். மீதியில்தான் நாம். எனக்கு முழு அதிகாரம் கொடுத்தாலும் கடிகாரம் வைத்துப் பிரிக்க மாட்டேன். ஏத்தம், வத்தம் தினமும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். காலை, மாலை என்று எழுதி ஒட்டினால் ஒரே வாரத்தில் அது தண்ணீரோடு ஒத்துப்போகாது.

கேள்வி: என் கயாக்கில் யாரோ ஒருவருடைய தூண்டில் முள் ஏறிவிட்டது. பிடுங்கினதில் கிழிசல் பெரிதாகிவிட்டது. சைக்கிள் கடையில் ஒட்டினேன், நிற்கவில்லை. தூண்டில்காரர்தானே பொறுப்பு?
— இம்ரான், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: அவர் வீசும்போது நீங்கள் கடந்துகொண்டிருந்தால் அவர் மேல் தப்பு. அவருடைய நரம்பின் மேல் நீங்கள் ஏறியிருந்தால் உங்கள் மேல். எது என்று நீங்கள் எழுதவில்லையே தம்பி.

முள் ஏறினால் இழுக்கக் கூடாது. முனைக்குக் கொஞ்சம் கீழே, பின்பக்கம் பார்த்த மாதிரி ஒரு சின்ன மீசை இருக்கும். மீன் கழன்று போகாமல் இருக்கத்தான் அது. கிழித்தது அதுதான். நரம்பை மட்டும் வெட்டிவிட்டு, முள்ளை அப்படியே விட்டு மெதுவாகக் கரைக்கு வாருங்கள். துளையை முள்ளே ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். கரையில் முனையை வெளியே தள்ளி, மீசையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு வந்த வழியே எடுங்கள். தூண்டில்காரர்களுக்கும் சொல்கிறேன், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் அந்த மீசையைக் குறட்டால் நசுக்கிவிட்டுப் போடுங்கள். ட்ரவுட் ஆறுகளில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நரம்பைத் தொய்யவிடாமல் வைத்திருந்தால் மீன் போகாது. அறுந்த தங்கூஸை, அதாவது நரம்பை, தண்ணீரில் விடாமல் ஒரு பாட்டிலில் சுற்றி எடுத்து வாருங்கள். கயாக்கின் துடுப்பில் சுற்றுவது இருக்கட்டும், தடவுகிறவர்களின் விரலைக் கத்தி மாதிரி அறுத்துவிடும்.

ஒட்டுக்கு வருவோம். உங்கள் கயாக் பிவிசி என்றால் சைக்கிள் டியூப் ஒட்டுகிற சொல்யூஷன் அதில் நிற்காது. பிவிசிக்கான பசையும் அதே துணியில் ஒரு துண்டும் வாங்குங்கள். காற்றை முழுக்க இறக்கி, கிழிசலைச் சுற்றி உப்பும் எண்ணெயும் போகத் துடைத்து, லேசாக உப்புத்தாள் தேய்த்து, இரண்டு பக்கமும் பசை தடவி, கொஞ்சம் காயவிட்டு அழுத்துங்கள். மேலே கனமாக ஏதாவது வைத்து ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். பிறகு காற்றடித்து, ஒட்டின இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு ஆற்றில் இறக்குங்கள்.